வகுப்பின் நடுவில் எழுந்து போகிறவர்

"கோதண்டம் சார் போய்ட்டாரு" என்று என்னோடு படித்த தயாளன் போனில் சொன்னபோது, "எந்த மில்லுக்கு?" என்று கேட்டேன். கிண்டலுக்காகக் கேட்கவில்லை. டாக்டர் கோதண்டபாணி போய்விட்டார் என்றால், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது யாரோ கைபேசியில் கூப்பிட்டு, அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த பொருள். தயாளன் கடம்பத்தூர் ஸ்டேஷனில் நின்றிருந்தான். பின்னால் ரயில் அறிவிப்பு முடிந்ததும், "மில்லுக்கு இல்ல பர்வீனு. காலைல ஊட்லயே. ஹார்ட்டாம்" என்றான். அதற்குள் ரயில் வந்துவிட்டது.

மருத்துவர் சங்கத்தின் மாத இதழுக்கு அவரைப் பற்றி எழுதும்படி செயலாளர் டாக்டர் லலிதா என்னைக் கேட்டார். இத்தனை மருத்துவர்கள் இருக்க, பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்த என்னை ஏன் கேட்கிறீர்கள் என்றேன். "டாக்டருங்க எழுதினா அவர் எந்த காலேஜ்ல படிச்சார்னு ஆரம்பிச்சு, எத்தனை பட்டம்னு முடிப்பாங்க. நீ எழுது. ஆனா அடக்கி எழுது" என்றார். அடக்கித்தான் எழுதுகிறேன்.

எங்களை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். உங்கள் மாதாந்தரப் பயிற்சி வகுப்புகளில் கடைசி வரிசையில் ஒரு கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்த இரண்டு பேர் நாங்கள். படித்து முடித்த டாக்டர்கள் தொடர்ந்து படிக்கிறார்களா என்று பார்க்க சி.எம்.இ. என்ற ஏற்பாடு உண்டென்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. வருகை, பாட நேரம், சான்றிதழ் ஆகியவற்றைக் கவனிக்கும் மென்பொருளை இறுதியாண்டுப் பணியாக எழுத வந்தோம். முதல் வகுப்பைப் பார்த்த பிறகு, சி.எம்.இ. என்றால் 'சும்மா மூடிக்கினு இரு' என்று தயாளனுக்கு விளக்கம் சொன்னேன். பெரிய டாக்டர்கள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரைத் தவிர.

எங்கள் வேலைமுறையைச் சொன்னால்தான் அந்த ஒருவரைச் சொல்ல முடியும். வகுப்பு ஒன்றுதான்; அதைப் பார்ப்பவர்கள் வேறு வேறு. பாடம் கேட்க வருகிற டாக்டர், பாடம் நடத்துகிறவர், சான்றிதழ் தருகிற செயலாளர் என்று மூவர். ஒவ்வொருவருக்கும் ஒரு மெல்லிய தாள். அதில் அவர் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வரைய வேண்டும். மற்றவர் கண்ணுக்குத் தெரிவதை அதில் சேர்க்கக் கூடாது. பிறகு மூன்று தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினால், ஒத்துப்போகாத கோடுகள் தனித்தனியாகத் தெரியும். அங்கேதான் சண்டை, அதைத் தீர்த்துவிட்டு மென்பொருளை எழுதலாம். ஒத்துப்போகிற கோடுகள் ஒன்றாகச் சேர்ந்து தடிப்பாகத் தெரியும். தடித்த கோட்டைப் பார்த்தால் எங்களுக்கு நிம்மதி. அந்த இடத்தில் யோசிக்க வேண்டியதில்லை என்று வைத்திருந்தோம்.

ஒவ்வொரு தாளிலும் அந்தந்தப் பார்வைக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். பாடம் கேட்கும் டாக்டரின் தாளுக்குக் கோதண்டபாணியைச் சங்கமே பெயர் சொல்லி அனுப்பியது. தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். வருகிறார், பதிகிறார், கேட்கிறார், கேள்விக்குப் பதில் எழுதுகிறார், போகிறார். இவ்வளவுதான் நாங்கள் வரைந்திருந்தது.

"இது யாரும்மா?" என்றார்.

"நீங்கதான் சார்."

"நான் இல்ல. இந்த ஆளு காலைல ஒக்காந்தா சாயங்காலம் வரைக்கும் ஒக்காந்துகினே கீறாரு. இவருக்கு பேஷன்ட்டே கெடையாதா?"

கையெழுத்துப் போடவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, "வேற ஆளப் பாத்து வாங்கிக்க. சந்தோஷமா போடுவாங்க" என்றார். வேறு ஆளிடம் வாங்கியிருக்கலாம். தயாளனுக்கும் அதுதான் சரியென்று பட்டது. எனக்கென்னவோ, வீம்பு பிடிக்கிற ஒரு பயனரை விட்டுவிட்டு அடங்கிப்போகிற பயனரைப் பிடிப்பது விளையாட்டில் பாதியிலேயே எழுந்து போவதுபோல இருந்தது.

அவருடைய கிளினிக் புதுவாயல் கூட்டுரோட்டில் இருந்தது உங்களுக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து இரும்பு ரோலிங் மில்களில் கை நசுங்கினாலும் கால் வெந்தாலும் முதலில் அங்கேதான் கொண்டுவருவார்கள். வகுப்போ திருவள்ளூர் மண்டபத்தில். காலையில் வருவார், பத்து மணிக்குப் போன் அடிக்கும், கிளம்புவார். சில நாள் சாயங்கால டீக்குத் திரும்பி வந்து, சட்டைக் கையில் மாவுக்கட்டின் வெள்ளையோடு கடைசி நாற்காலியில் உட்காருவார். செயலாளரின் தாளில் இதற்கு இடமே இல்லை. முழு நேரமும் இருந்தால் முழு மணிக்கணக்கு. நடுவில் போனால் பூஜ்யம்.

லலிதா மேடத்தைக் குறை சொல்ல முடியாது. கையெழுத்தைப் போட்டுவிட்டு நேராகத் தங்கள் கிளினிக்குக்குப் போய் உட்கார்ந்தவர்களைப் பார்த்துப் பார்த்து அவர் வகுத்த விதி அது. "ஒருத்தருக்குக் கதவைத் திறந்தா எல்லாரும் அந்த வழியாவே போவாங்க" என்பார். ஆனால் தொழிற்சாலைகள் தங்கள் தொழிலாளர்களை அனுப்பும் மருத்துவர் பட்டியலில் இருக்க, ஒவ்வோர் ஆண்டும் சங்கத்தின் சான்றிதழைக் காட்ட வேண்டும். கோதண்டபாணிக்கு அந்த ஆண்டு பூஜ்யமாகவே சேர்ந்துகொண்டிருந்தது. பட்டியலிலிருந்து அவர் பெயர் போனால், அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு மில்காரர்கள் சென்னைவரை போக வேண்டும். அவரும் கிளினிக்கை மூட வேண்டியதுதான். இதை எங்களிடம் சொன்னது அவரல்ல, அவருடைய நர்ஸ். டாக்டர் யாரிடமும் விலக்கு கேட்கவில்லை.

மென்பொருளை முதல்முறை திரையில் காட்டிய நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். யார் இருக்கிறார், யார் வெளியேறினார் என்று பெயர்கள் வரிசையாக வந்தன. நடுவில் போனவர்களுக்கு 'வெளியேறினார்' என்று வர வேண்டும். அந்தச் சொல் எனக்குச் சப்பென்று இருந்ததால் மாற்றி வைத்திருந்தேன். மண்டபம் முழுக்கப் பார்க்க, 'டாக்டர் கோதண்டபாணி: தலைமறைவு' என்று பெரிய எழுத்தில் வந்தது. எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு அவர் எழுந்தார்.

"கரெக்டாத்தான் போட்டுக்கீறே. ஆனா எங்க தலைமறைவுன்னு போடலியே. போலீஸ்ல கூட அத்த விசாரிப்பாங்க."

தயாளன் என் காலை மிதித்தான். அவர் சொன்னதை நான் வேடிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கே போனார் என்று கேட்க எங்கள் மூன்று தாளிலும் ஒரு கட்டம்கூட இல்லை. மறுநாளே ஒன்று சேர்த்தோம்: நடுவில் போகிறவர் திரும்பி வந்ததும், போன இடத்தில் என்ன பார்த்தார், என்ன செய்தார் என்று வகுப்பில் சொல்ல வேண்டும். சொன்னால் பாதி மணிக்கணக்கு. லலிதா மேடம் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். பாதி போதும், கோதண்டபாணி கரையேறிவிடுவார் என்று நாங்கள் கணக்குப் போட்டோம்.

அடுத்த வகுப்பு, துண்டான விரலை ஒட்டவைப்பது பற்றி. சென்னையிலிருந்து அறுவை சிகிச்சை நிபுணர் வந்திருந்தார். அவர் விரல் எலும்புகளின் படத்தைத் திரையில் போட்டுக்கொண்டிருக்கும்போதே கோதண்டபாணிக்குப் போன் வந்தது. போய்விட்டார். அன்று திரும்பவில்லை.

அடுத்த மாதம் வந்தார். புது ஏற்பாட்டின்படி முதலில் அவர்தான் பேச வேண்டும். முன்னால் போய் நின்றார். கையில் குறிப்பு எதுவும் இல்லை.

"அன்னிக்கு எனக்கு வந்த போன் ஒரு ரோலிங் மில்லுல இருந்து. வேலுன்னு ஒரு பையன், கட்டுக்கம்பி இழுக்கிற வேலை. ஆள்காட்டி விரல் தனியா வந்துடுச்சு. நான் போய்ச் சேர ஒரு மணி நேரம். விரலைத் துணியில சுத்தி வெச்சிருந்தாங்க. பக்கத்து ஜூஸ் கடைல ஐஸ் வாங்கி, விரலை நேரா ஐஸ் மேலயே போட்டு, பையனையும் விரலையும் கார்ல ஏத்தி சென்னைக்கு அனுப்பினேன். அங்க பாத்துட்டு ஒட்ட வைக்க முடியாதுன்னுட்டாங்க. ஐஸ்ல வெந்து போயிருந்துது. ஈரத்துணில சுத்தி, பிளாஸ்டிக் பைல போட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் தண்ணில வெக்கணும். படிக்கிறப்ப தெரிஞ்சதுதான், மறந்துட்டேன். நான் எழுந்து போன பின்னாடி பத்தாவது நிமிஷம் இதே மண்டபத்துல அதத்தான் சொன்னாங்களாம்."

டாக்டர்கள் தங்களுக்குள் இதுபோலப் பேசிக் கேட்டதில்லை என்று பிறகு லலிதா மேடம் சொன்னார். கோதண்டபாணி என் பக்கம் திரும்பினார்.

"எனக்குப் பாதி வாணாம்மா. அன்னிக்குப் பூஜ்யமே போடு. லலிதா தாளும் சரிதான், நான் உக்காந்திருக்கணும். என் தாளும் சரிதான், நான் போயிருக்கணும்."

பூஜ்யம் போட்டால் பட்டியலிலிருந்து அவர் பெயர் போய்விடும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். நான் விசையைத் தொடவில்லை. லலிதா மேடத்துக்குக் கோபம் வந்தது. அது அவர் மேலா, விதி மேலா, தன் மேலா என்று தெரியாத கோபம்.

"அப்போ என்னதான் செய்யணும் சார்? நாங்க எல்லாரும் மூட்டை கட்டிக்கிட்டு உங்க கிளினிக்ல வந்து உக்காரணுமா?"

"வாங்களேன்" என்றார் அவர். "மாடி காலியாத்தான் கீது. டீ, பஜ்ஜி என் செலவு."

சிலர் சிரித்தார்கள். தயாளன் சிரிக்கவில்லை. பையிலிருந்து மூன்று தாள்களையும் எடுத்து மண்டபத்து ஜன்னலில் வைத்துப் பிடித்தான். வருகிறவர், நடத்துகிறவர், செயலாளர், மூன்று பேர் தாளிலும் ஒரே இடத்தில் ஒரே சதுரம். தடித்த கோடு. திருவள்ளூர் மண்டபம். சண்டை இருக்கிற இடங்களைத்தான் நாங்கள் இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தோம். சண்டையே இல்லாத அந்தச் சதுரத்தை ஒருவரும் கேள்வி கேட்டிருக்கவில்லை.

அடுத்த வகுப்பு புதுவாயலில் நடந்தது. அதே நிபுணர், அதே பாடம். மாடியில் டீக்கடை பெஞ்சுகள். பாடம் பாதியில் இருக்கும்போது கீழே ஒரு தொழிலாளியை அழைத்து வந்தார்கள், முழங்கையில் சூட்டுக்காயம். கோதண்டபாணி இறங்கிப் போனார். நிபுணர் படத்தை நிறுத்திவிட்டு அவர் பின்னால் போனார். அவர் பின்னால் படிக்கட்டு முழுக்க டாக்டர்கள். மாடியில் நானும் தயாளனும் பஜ்ஜியும் மட்டும் மிச்சம். அன்று யாருடைய பெயருக்கு எதிரிலும் 'வெளியேறினார்' என்று வரவில்லை. ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே என்று ஆன பிறகு ஆண்டு முடிவதற்குள் அவருக்கு வேண்டிய மணிகள் சேர்ந்துவிட்டன. பட்டியலில் பெயர் நின்றது, சாகும்வரை நின்றது. வேலு இப்போது அதே மில்லில் எடைமேடையில் இருக்கிறான். விரல் திரும்பவில்லை.

அன்று மாடியில் வைத்து அவரிடம் கேட்டேன், எல்லார் எதிரிலும் அதைச் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இல்லையா என்று. "தப்ப சீக்கிரமா சொல்லிடணும். நாள் ஆச்சுன்னா அதுக்கு ஒரு காரணம் மொளைச்சிடும். அப்புறம் காரணத்தத்தான் சொல்லிக்கினு இருப்போம்" என்றார். பிறகு என் தட்டிலிருந்த கடைசி பஜ்ஜியை எடுத்துக்கொண்டு, "இதுவும் தலைமறைவு" என்றார். நாங்கள் வரைந்த அந்த டாக்டர் தாளில் கடைசிவரை அவர் கையெழுத்துப் போடவேயில்லை. கேட்டபோதெல்லாம், இன்னும் நான் இதுல முழுசா வரல என்று சொல்லிவிடுவார்.

இரங்கல் கூட்டத்தைத் திருவள்ளூர் மண்டபத்தில் வைப்பதென்று சங்கத்தில் எல்லாரும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஒருமனது என்றதும் எனக்குக் கை அரித்தது. அவரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது இந்த அரிப்பைத்தான். எல்லாரும் தலையாட்டுகிற இடத்தில் நின்று, இங்கே வர முடியாதவர் யார் என்று கேட்டுப் பார்ப்பது. கேட்டேன். மில் தொழிலாளர்கள் என்றார்கள். கூட்டம் புதுவாயல் மாடிக்கு வந்தது.

புது டாக்டர் அமையும்வரை கிளினிக்கைச் சங்கத்தினர் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அன்று லலிதா மேடத்தின் முறை. எல்லாரும் எழுந்து மௌனமாக நின்றோம். அது முடிவதற்குள் கீழே பேச்சுச் சத்தம். துண்டில் சுற்றிய கையோடு ஒருவரை அழைத்து வந்திருந்தார்கள். மேடம் கண்ணைத் திறந்தார், இறங்கிப் போனார். மற்றவர்கள் உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தோம். கால் மணி கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தவர், தன் இடத்துக்குப் போகாமல் முன்னால் வந்து நின்றார்.

"உள்ளங்கையில வெட்டு. மொதல்ல தசைநாண் வரைக்கும் போகலைன்னு நெனச்சேன். சுண்டுவிரல் மடங்கலை, அப்புறம்தான் பார்த்தேன். கட்டுப்போட்டு சென்னைக்கு அனுப்பியிருக்கேன்" என்றார்.

சொல்லும்படி அவரை யாரும் கேட்கவில்லை.