அணையில் சேறு அள்ளியவள்

நீர்த்தேக்கத்தில் வேலை பார்த்த எல்லோரும் அவளைச் சேத்தக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். அதைக் கண்டுகொள்ளும் தெம்பு அவளுக்கு இல்லை. தூர்வாரும் மிதவையை ஓட்டுவது அவள் வேலை. மிதவையின் முன்னால் நீண்ட இரும்புக் கை, அதன் நுனியில் சுழலும் பல்சக்கரம். சக்கரம் தண்ணீருக்கடியில் சேற்றைக் கிளறும், பம்பு அதை உறிஞ்சிக் குழாய் வழியாகக் கரையில் துப்பும். காலை முதல் மாலை வரை அவள் நெம்புகோலைப் பிடித்தபடி அந்த அதிர்விலேயே உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்கு வந்த பிறகும் கை நடுங்கும். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பாள்.

அள்ளிய இடம் அடுத்த மழையில் மறுபடி நிரம்பிவிடும். ஆறு நீர்த்தேக்கத்தில் நுழைகிற வாயில் கூழாங்கல், கொஞ்சம் உள்ளே மணல், அணைச் சுவரை ஒட்டி மாவு போல வண்டல். தண்ணீரின் வேகம் குறையக் குறைய, ஆறு கனமானதை முதலில் போட்டுவிட்டு லேசானதை உள்ளே கொண்டுவரும்.

அவளுடைய கணவர் தையல்காரர். வீட்டிலேயே மிஷின் போட்டிருந்தார். துணி துவைப்பதும் அவர்தான்.

"உன் சட்டைய அலசுன தண்ணியிலயே நம்ம சாக்கடை தூர்ந்து போச்சு. ஒருநாள் மிதவைய இந்தப் பக்கமும் கொண்டு வாயேன்" என்பார்.

அவளுக்குச் சிரிப்பு வரும். ஆனால் சிரித்து முடிப்பதற்குள் கண் சொக்கிவிடும்.

சேறு எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய அண்ணன், ஆற்றுக்கு மேலே போகிற மலைச் சாலையில் கயிற்றில் தொங்கிப் பாறை தட்டுகிறவர். கடப்பாரையால் தட்டுவார். கணீரென்றால் விட்டுவிடுவார், பொத்தென்றால் நெம்பித் தள்ளுவார். தள்ள முடியாத இடத்தில் கம்பி வலை போர்த்தி ஆணி அடிப்பார்.

"பாக்கத்தான் பாறை" என்று ஒருமுறை போனில் சொன்னார். "பகல்ல காயுது, ராத்திரி குளிருது, வெங்காயம் மாதிரி தோல் தோலா உரியுது. விரிசல்ல தண்ணி எறங்கி உள்ளயே ஊறுது. கையில எடுத்துக் கசக்குனா மாவு தனியா, கண்ணாடி மாதிரி மணி தனியா உதிருது. போதாக்குறைக்கு வேரு வேற."

"நீ மேலேருந்து தள்ளு, நான் கீழ அள்ளுறேன். நம்ம ரெண்டு பேருக்கும் ஆயுசுக்கும் வேலைதான்" என்றாள் அவள்.

அந்த அண்ணன் ஒருநாள் விழுந்தார். சாலைக்கு அடியில், ஆற்றைப் பார்த்த செங்குத்துச் சரிவில் வலை கட்டிக்கொண்டிருந்தபோது, கால் ஊன்றியிருந்த பாறை பெயர்ந்தது. கயிறு தாங்கியது. ஆனால் ஊசலாடிப் போய் மோதியதில் இடுப்பெலும்பு முறிந்தது. தனிக்கட்டை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குத்தான் வந்தார். கணவர் தையல் மிஷினை வராந்தாவுக்குத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் கட்டிலைப் போட்டார்.

அந்த மாதங்கள் அவளை உலுக்கி எடுத்துவிட்டன. பகலில் மிதவை, மாலையில் அண்ணனைப் புரட்டிப் படுக்கவைப்பது, மருந்து, அவருடைய சிடுசிடுப்பு. கஞ்சி சூடாக இருந்தால் சூடு என்பார், ஆறினால் ஆறிப்போச்சு என்பார்.

"மச்சான், உங்களுக்கு நாக்குல எதுவும் அடிபடலையே?" என்று கணவர் கேட்டதற்கு அண்ணன் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

கோல் ஊன்றி நாலடி நடக்க ஆரம்பித்ததும், வீட்டிலேயே கிடந்தால் இன்னும் புழுங்குவார் என்று அவரை மிதவைக்கு அழைத்துப் போனாள். என்ஜின் அறைக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். அன்று ஆற்று வாயில் வேலை. முந்தின வாரம் பெய்த மழையில் வெள்ளம் வந்து வடிந்திருந்தது. சக்கரம் திடீரென்று முனகி நின்றது. கையைத் தூக்கிப் பார்த்தால் பல் முழுக்கக் கம்பி சுற்றியிருந்தது.

"இதென்னடா புதுத் தொல்லை" என்று அவள் கத்தரியை எடுத்தாள்.

"வெட்டாத" என்றார் அண்ணன். குரல் மாறியிருந்தது. கோலை ஊன்றி எழுந்து வந்து கம்பியைத் தடவிப் பார்த்தார். "இது நான் போட்ட முடிச்சு. ரெண்டு சுத்து சுத்தி உள்பக்கமா மடக்குவேன், வேற யாரும் அப்படிக் கட்ட மாட்டாங்க."

"எங்க கட்டுனது?"

"நான் விழுந்த எடத்துல. ரோட்டுக்கு அடியில. ஆணியோட பேத்துக்கிட்டு வந்திருக்கு பாரு."

வலை அங்கிருந்து ஆற்றில் விழுந்திருக்கிறது என்றால், அது பிடித்துவைத்திருந்த பாறையும் போயிருக்க வேண்டும். மேலே சாலையில் நிற்கிறவர்களுக்கு அது தெரியாது. பேருந்துகள் போய்வந்துகொண்டிருந்தன. அவள் கை சேற்றோடேயே அணைப் பொறியாளரைப் போனில் கூப்பிட்டாள். அந்த அம்மா மறுகேள்வி கேட்கவில்லை. கம்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். சாலைத் துறையில் யாரையோ பிடித்து உலுக்கியிருக்க வேண்டும், சாயங்காலத்துக்குள் சாலையை அடைத்துவிட்டார்கள்.

சுற்றுவழியில் போக வேண்டியவர்கள் எல்லோரும் திட்டினார்கள். காய்கறி வண்டிக்காரர் ஒருவர் வீட்டு வாசலுக்கே வந்து, கிடைத்த கம்பியை வைத்து ஊரையே முடக்கிவிட்டதாகச் சத்தம் போட்டார். அடுத்த மழையில் வலை இருந்த இடத்துச் சாலை வளைவு முழுசாக ஆற்றுக்குள் சரிந்தது. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

செய்தி வந்தபோது அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எத்தன தடவ தட்டிப் பாத்த எடம்" என்றார் அவர்.

"ஆளுங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலண்ணே."

"அது தெரியும்."

அவள் அவர் முதுகில் கை வைத்தாள். கை வழக்கம்போல நடுங்கியது. அவர் அதை எடுக்கச் சொல்லவில்லை.

சரிந்த மலை சும்மா இருக்குமா? அந்தப் பருவம் முழுக்க ஆறு அதைக் கரைத்துக் கரைத்துக் கொண்டுவந்து அவளிடமே சேர்த்தது. உருண்டு வந்த பாறைகள் ஆற்று வாயில் தங்கின. மணல் அவள் முன்பு ஆழமாக அள்ளியிருந்த பள்ளங்களை மூடியது. ஊருக்குத் தண்ணீர் எடுக்கிற குடிநீர்க் குழாயின் வாய் அடைபடாமல் காக்கவே அவளுக்கு நாள் போதவில்லை. குழாயில் கலங்கலாக வந்தால் ஊர் அவளைத்தான் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைகூட ஓட்டினாள். கடைசியில் இயந்திரத்தின் சக்கரம் உடைந்தது. மாற்றுச் சக்கரம் வரவில்லை. ஒரு மிதவையால் ஆகிற காரியம் இல்லை என்று மேலிடம் முடிவு செய்து, மழைக்காலத்தில் அடிமதகைத் திறந்து சேற்றை ஆற்றோடு கீழே விட்டுவிட ஏற்பாடு செய்தார்கள். அவளைப் பம்பு அறைக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள்.

மதகைத் திறந்த அன்று அவளும் அணை மேல் நின்று பார்த்தாள். தண்ணீர் முதலில் கறுப்பாகவும், பிறகு செம்பழுப்பாகவும் சீறிக்கொண்டு போனது. அவள் ஒரு வருடம் அள்ளுகிற சேறு கண்ணெதிரே ஓடியது.

பொறியாளர் பக்கத்தில் வந்து நின்றார். "வருத்தமா இருக்கா?"

அவள் முதுகில் கை ஊன்றி நிமிர்ந்தாள்.

"வருத்தம் இல்ல மேடம். உடம்பு வலி. பம்பு ரூம்ல சாஞ்சு உக்கார நாற்காலி இருக்கா?"