மூன்று மிஸ்டு கால்

தன் நிலையம் ஊருக்குக் கேட்கிறதா இல்லையா என்பது, வானொலியில் வேலை பார்ப்பவனுக்குத்தான் ஊரிலேயே கடைசியாகத் தெரியவரும். முகம் தெரியாதவர்களுக்காக உழைக்கிற எந்தத் தொழிலில் நீங்கள் இருந்தாலும் இந்த அவஸ்தையை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் நிலையம் சிறியது. சென்னீர்குப்பத்தில் ஓர் அறக்கட்டளைக் கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூரில் பாதி, அவ்வளவுதான் எட்டும். சினிமாப் பாட்டு கிடையாது. மக்கள் தாங்களே வந்து பாடிய நாட்டுப்பாட்டுகள் மட்டும்தான். ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எல்லா மாவட்டத்துக் குடும்பங்களும் இருந்ததால் பாட்டுக்குப் பஞ்சம் வந்ததில்லை. “இதையெல்லாம் யார் கேப்பாங்க?” என்று அறக்கட்டளைச் செயலாளர் ஆரம்பத்திலேயே கேட்டார். கேள்வி அவருடையது என்றாலும், அதைச் சுமந்துகொண்டு திரிந்தவன் நான்தான்.

லாரியும் தாலாட்டும்

நான் பூந்தமல்லியில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். படிப்பு பாதியில் நின்றது. மற்றதெல்லாம் பெட்டிகளைத் திறந்து பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரை மாட்டிக் கொடுக்க வந்தவனை, அதை இயக்கவும் நீயே இரு என்று நிறுத்திக்கொண்டார்கள். சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டினோம். ஜன்னலுக்கு மெத்தை வைத்து அடைத்தோம். அப்படியும் பெங்களூர் ரோட்டின் ஹாரன் உள்ளே வந்தது.

வெள்ளானூரிலிருந்து வந்த ஓர் அம்மா தாலாட்டுப் பாடினார். கண்ணே என்று இழுக்கும் இடத்தில் சரியாக ஒரு லாரி அலறியது. மறுபடி பாடச் சொன்னேன். மறுபடி அதே இடம், வேறு லாரி. அவர் கோபித்துக்கொள்ளாமல் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: “கொழந்தைங்கள தூங்க வச்சிட்டேன், பேரப் பசங்கள தூங்க வச்சிட்டேன். இந்த ரோட்டத் தூங்க வைக்க என்னால ஆவாதுப்பா.”

புஷ்பத்தின் கணக்கு

ஸ்டுடியோவில் ஹெட்போனில் கேட்பது மிக்சரிலிருந்து வரும் சத்தம். அது வெளியே போகிறதா என்பதற்கு அது சாட்சியில்லை. ஒரு ரேடியோவை வைத்துக் கேட்கலாமே என்பீர்கள். டிரான்ஸ்மிட்டர் பக்கத்திலேயே இருப்பதால் ஏரியல் அறுந்து கிடந்தாலும் அந்த ரேடியோ பாடும். தூரத்தில் ஓர் ஆள் இருந்து கேட்டுச் சொல்ல வேண்டும். எனக்கு அந்த ஆள் என் மனைவி புஷ்பம். நசரத்பேட்டையில் எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் அரிசி டப்பாவின் மேல் ரேடியோ இருக்கும். ஒரு மிஸ்டு கால் வந்தால் சத்தம் குறைவு. இரண்டு வந்தால் கரகரப்பு. மூன்று வந்தால் ஒன்றுமே வரவில்லை.

நன்றாக இருக்கும்போதும் ஒரு கால் கொடுத்தால் என்ன, மனசுக்குத் தெம்பாக இருக்குமே என்று ஒருநாள் கேட்டேன். ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே சொன்னாள்: “நல்லா கேக்கறப்ப நான் பாட்டு கேப்பேனா, போனத் தேடுவேனா? போன் வரலன்னா நாங்க கேட்டுக்கினு இருக்கோம்னு நெனச்சுக்குங்க.”

நூறு வயசு

பிறந்தநாள் வாழ்த்துகளைச் சனிக்கிழமை பதிவு செய்து ஞாயிறு காலை போடுவோம். ஞாயிற்றுக்கிழமை ஆள் வராத நிலையத்துக்கு அதுதான் வழி. ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு பெரியவர், திருநெல்வேலிக்காரர், தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேரன் வந்து வாழ்த்துச் சொல்லி, அவருக்குப் பிடித்த தெம்மாங்கையும் போடச் சொல்லிவிட்டுப் போனான். அன்று சாயங்காலமே பெரியவர் போய்விட்டார். எங்களுக்குத் தெரியாது. ஞாயிறு காலை, வாசலில் பந்தல் போட்டிருக்கும்போது, தாத்தா நூறு வயசு இருக்கணும் என்று ரேடியோ சொல்லியிருக்கிறது.

திங்கட்கிழமை தெரிந்தது. புஷ்பத்தையும் கூட்டிக்கொண்டு நேரில் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது வாசலிலேயே மறந்துபோனது. அந்த வீட்டம்மா, பெரியவரின் மனைவி, எங்களை உட்காரச் சொன்னார். அவரே பேசினார்: “வந்தவுக எல்லாரும் வயசாயிட்டு, போக வேண்டியதுதானன்னு சொல்லிட்டுப் போனாக. இன்னும் இருக்கட்டும்னு சொன்னது உங்க ரேடியோ ஒண்ணுதான், அண்ணாச்சி.”

பேசாத நாள்

புஷ்பம் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் இறந்தாள். நெஞ்சுவலி என்று சொல்லி, ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. நிலையத்தை இயக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அன்று முழுக்க ஒலிபரப்பு இல்லை. சர்ச்சில் பூசை, பிறகு கல்லறை. மறுநாள் நான் போய் மிக்சரைப் போட்டுக் கொடுக்க, செயலாளரே மைக் முன்னால் உட்கார்ந்து, நேற்று நிலையம் ஏன் பேசவில்லை என்று நேயர்களுக்குச் சொன்னார்.

கன்னியம்மா எங்கள் தெருவில் மீன் விற்பவர். கூடையில் மீனுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சின்ன ரேடியோவும் இருக்கும். அறிவிப்பு வருவதற்கு முன்பே, அடக்கம் முடிந்த அன்று சாயங்காலமே, கூடையைத் தெருமுனையில் வைத்துவிட்டு வந்து நின்றார். “காலைல இருந்து ரேடியோ பேசல. உங்க ஊட்ல இன்னாமோ ஆயிப்போச்சுன்னு அப்பவே தெரிஞ்சிகினேன், அண்ணாத்தே.”

ஆதாரம்

அதற்குப் பிறகு எனக்குக் கால் கொடுக்க ஆள் இல்லை. வீட்டு ரேடியோவை நான் போடவே இல்லை. சில மாதங்கள் கழித்துச் செயலாளர் கூப்பிட்டார். விளம்பரம் தருகிறோம் என்று ஒரு கம்பெனி வந்திருக்கிறது, ஆனால் புதுச் சினிமாப் பாட்டுத்தான் வேண்டுமாம், மாத முடிவில் பதில் சொல்ல வேண்டும் என்றார். நாட்டுப்பாட்டைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றேன். அவர் கெட்டவரில்லை. கட்டடத்தை நடத்த வேண்டிய கவலையில் சொன்னார்: “உங்க வீட்டம்மாவத் தவிர வேற யார் கேட்டாங்கன்னு ஒரே ஒரு ஆளக் காட்டுங்க சார், நான் சினிமாப் பாட்டுப் பேச்சையே விட்டுடறேன்.”

மாலை

அந்த மாத முடிவுக்குச் சில நாட்கள் இருக்கும்போது வழக்கம்போல நிலையத்தைத் திறந்தேன். கும்மி, நடவுப் பாட்டு, வெள்ளானூர் அம்மாவின் தாலாட்டு, நடுநடுவே என் அறிவிப்பு. ஹெட்போனில் எல்லாம் சுத்தமாக இருந்தது. போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. போன் வரவில்லை என்றால் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம் என்று புஷ்பம் சொன்னதை நினைத்து, சந்தோஷமாகவே சாயங்காலம் இரவுப் பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் தானாக ஓடவிட்டு நிலையத்தைப் பூட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் என்ன தோன்றியதோ, ஓடவிட்டு வந்த பாட்டு எப்படி வருகிறது என்று கேட்கலாமென்று அரிசி டப்பா மேலிருந்த ரேடியோவைத் திருகினேன். உஸ்ஸென்ற இரைச்சல் மட்டும் வந்தது. காலையிலிருந்து நான் போட்ட எதுவும் முட்டை அட்டைச் சுவரைத் தாண்டியிருக்காது என்று தோன்றியது. ஒரு நாள் முழுக்க நிலையம் ஊமையாக இருந்திருக்கிறது. ஏன் என்று கேட்க ஒருவரும் இல்லை. செயலாளர் சொன்னது சரிதான் என்று விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை ஸ்பேனரும் புதுக் கேபிளும் எடுத்துக்கொண்டு போனேன். மாடியில் ஏரியலுக்குப் போகும் கேபிளை அணில் கடித்திருக்கும் என்று ஊகம். அது பிறகு சரியாகவும் இருந்தது. ஆனால் நிலையத்து வாசல் கேட்டருகே கூட்டம். முன்னால் கன்னியம்மா நின்றார், கூடை இல்லாமல். குவார்ட்டர்ஸ் வீட்டம்மா பேரனோடு வந்திருந்தார். வெள்ளானூர் அம்மா நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பெயர் தெரியாத முகங்கள் நிறைய. கன்னியம்மா கையில் ரோஜா மாலை. செயலாளர் கேட்டுக்குள் நின்று யாரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. வெள்ளானூர் அம்மா எழுந்து வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தார். கேபிள் போயிருக்கும், வேறொன்றுமில்லை என்றேன். ரேடியோ வரவில்லை என்று ஒருவராவது ஒரு போன் பண்ணியிருக்கலாமே என்றும் கேட்டேன். கன்னியம்மா மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சொன்னார்: “போன தடவ ரேடியோ பேசாதப்போ அக்கா பூட்டாங்க. ராத்திரி உன் ஊட்லயும் வெளக்கு எரியல, இந்தத் தடவ நீதான்னு நெனச்சிகினு எங்க வச்சிகிறாங்கன்னு கேக்க வந்தோம். சாவு ஊட்டுக்கு எவனாச்சும் போன் பண்ணுவானா, நைனா? நேர்லதானே வரணும்.”

மாலையைப் புஷ்பத்தின் படத்துக்குப் போட்டேன். செயலாளர் கம்பெனிக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டார். மூன்று மிஸ்டு கால் கணக்கு இப்போது கன்னியம்மாவிடம் இருக்கிறது.

நாம் இருப்பது யாருக்காவது தெரிகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு நாள் செத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது, மறுநாள் கேபிளை மாட்டவும் நாமேதான் போக வேண்டியிருக்கிறது.