வீரம்மாளின் ஏரிக்காரி

துபாய் அல் குசைஸில் துப்புரவுக் கம்பெனிப் பெண்கள் தங்கியிருந்த அந்த ரூமில் உமாராணி வைத்ததுதான் சட்டம். சாமி ஷெல்ஃபில் எந்தச் சாமி எங்கே நிற்கவேண்டும் என்பதையும் அவள்தான் சொல்வாள். 2006இல் அங்கே வந்து சேர்ந்தாள் வீரம்மாள். பர்மாவிலிருந்து வெளியேறிய தமிழர்கள் சிலர் ஊர் திரும்பாமல் மணிப்பூர் எல்லையில் மோரேயிலேயே தங்கிவிட்டார்கள் அல்லவா, அந்த வம்சம். கட்டியவன் தோம்பா என்ற மெய்தி மீனவன். மணிப்பூரின் லோக்தாக் ஏரியில், மிதக்கும் புல்திட்டின் மேல் குடிசை போட்டு அவனோடு குடித்தனம் நடத்தியவள்.

வந்த அன்றே பித்தளைச் செம்பில் தண்ணீர் பிடித்து, செம்பின் கழுத்தில் வெள்ளைத் துணி சுற்றி, ஷெல்ஃபில் வைத்துக் கும்பிட்டாள். படம் கிடையாது, சிலை கிடையாது. ரூம் பெண்கள் சும்மா இருப்பார்களா? அவள் டூட்டிக்குப் போனதும் கரகம் என்று நினைத்து மஞ்சள் பூசி, வேப்பிலை செருகி, மேலே தேங்காயும் வைத்துவிட்டார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள், பாவம்.

வீரம்மாள் வந்ததும் வராததுமாகத் தேங்காயை எடுத்துக் கீழே வைத்தாள்.

“என்னடி, மாரியாத்தாளுக்குச் செஞ்சதைக் கலைக்கிற?” உமாராணி எகிறினாள்.

“இவ மாரியாத்தா இல்லக்கா. லோக்தாக் லைரெம்பி. எங்க ஏரிக்காரி.”

“வாயில நுழையாத பேரு! மாரியாத்தான்னு சொல்லிட்டுப் போயேன், என்ன கொறஞ்சுபோச்சு? இல்லேன்னா செம்பை வெளிய எடு. கலாஸ், அவ்வளவுதான் பேச்சு!”

வீரம்மாள் வேப்பிலையையும் உருவிப் போட்டாள். ஏரிக்கரையில் அவளை வெளியூர்க்காரி என்றார்கள். இங்கே தமிழச்சிகளே மணிப்பூர்க்காரி என்கிறார்கள். புயலில் புல்திட்டு பிய்த்துக்கொண்டு ஓடியபோது, நீ யார், எந்த ஊர் என்று கேட்காமல் கரை சேர்த்தவள் அந்த ஏரிக்காரி ஒருத்திதான். அவளுக்குப் போய் வேறு பேர் வைப்பதா?

“பேரையும் மாத்த மாட்டேன், வெளியவும் எடுக்க மாட்டேன். என் கட்டில் இருக்கு, அதுல இருப்பா.”

செம்பைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, தன் கட்டிலின் நடுவில் வைத்தாள். சாமி இருக்கும் படுக்கையில் கால் நீட்ட முடியுமா? துண்டை விரித்து வெறுந்தரையில் படுத்துக்கொண்டாள். பாத்ரூம் போகிறவர்கள் அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஏசிக் குளிரில் இருமல் வந்தது, முதுகு பிடித்துக்கொண்டது. அடேயப்பா, என்ன வீம்பு! கட்டிலில் ஏறவே இல்லை.

வெள்ளிக்கிழமை உமாராணியே பொறுக்கமாட்டாமல் முருகன் படத்தை நகர்த்தி ஷெல்ஃபில் இடம் பண்ணினாள்.

“ஏறிப் படுத்துத் தொலை, சண்டாளி. கொண்டா அந்த... உன் ஏரி ஆத்தாளை.”

வீரம்மாள் செம்பை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். கொடுக்கவில்லை.

“பேர் சொல்லிக் கூப்பிடுங்கக்கா. தர்றேன்.”