மணலில் வைத்த மஞ்சள் விளக்கு

அலுவலக நண்பர்கள் எங்கள் ஊர்க் கடற்கரையில் டென்ட் போட்டு ஓர் இரவு தங்குவதென்று முடிவானதும், விளக்கு வாங்கும் வேலையை என்னிடம் விட்டார்கள். கடற்கரைக்காரனுக்குத் தெரியாதா என்ற நினைப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கடலுக்குப் போகாத முதல் ஆளும் நான்தான்.

வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டாள், "ஏய்யா, இங்கன கல்லு வீடு கெடக்கு. மணல்ல போய்ப் படுக்கணும்னு என்ன தலையெழுத்து?" இடத்தைச் சொன்னதும் அவள் குரல் மாறியது. "அங்கனயா? அதுக்கு நேரேதான் அப்பா வலை போடுதாரு. வெளக்கை ஒசரத்துல கட்டிராதிய."

கடலில் அப்பாவின் வள்ளம், அவர் படகு, நிற்கும் இடத்தில் போன் எடுக்காது. அதனால் வீட்டில் யாருக்காவது ஆபத்தென்றால் கரையில் கம்பு நட்டு, உச்சியில் வெள்ளை விளக்குக் கட்டுவது எங்கள் வழக்கம். தங்கைக்கு வலிப்பு வந்த அன்று கட்டினோம். அப்பா வலையை அறுத்துவிட்டு வந்தார். கரையேறிய அவர் முகம் எனக்கு மறக்காது. நாங்கள் சோறு தின்னும் வெளிச்சத்தைப் பார்த்து அவர் மறுபடி அப்படி வந்துவிடக் கூடாது.

டவுனில் கடைக்கார அண்ணாச்சி பெரிய வெள்ளை லைட் ஒன்றைப் போட்டுக் காட்டினார். "இதைத் தொங்கவிட்டா ஹார்பர் வரைக்கும் தெரியும் தம்பி."

"தூரத்துக்குத் தெரியாத லைட் இருக்கா அண்ணாச்சி?"

"வெளிச்சம் தெரியாத வெளக்கு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்" என்றபடி, கீழ்த்தட்டிலிருந்து ஒரு குட்டி விளக்கை எடுத்தார். மஞ்சள் வெளிச்சம், வேண்டிய அளவு குறைக்கலாம். அடி அகலம், மணலில் சாயாது. அதையே வாங்கினேன்.

கடற்கரையில் அதை எடுத்து வைத்ததும் ஸ்ரீவைகுண்டத்து நண்பன் சிரித்தான். "லைட் வாங்கிட்டு வாலேன்னா அகல்வெளக்கைத் தூக்கிட்டு வந்திருக்கான்."

"தரையிலயே இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன். குடத்தோடு திரும்பும்போது விளக்கு டென்ட் கம்பின் உச்சியில் தொங்கியது. குழம்பில் மீன் முள் தெரியவில்லையாம். கடலில் ஒரு வள்ளத்தின் வெளிச்சம் கரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது.

குடத்தைப் போட்டுவிட்டு ஓடி விளக்கை இறக்கினேன். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். ஸ்ரீவைகுண்டத்துக்காரன் சோற்றுப்பானை மூடியை எடுத்து, கடல் பக்கம் வெளிச்சம் போகாமல் விளக்குக்கு முன்னால் நட்டு வைத்தான். வள்ளம் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெல்லக் கிழக்கே திரும்பியது. அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

காலையில் அப்பா வலையிலிருந்து மீன் கழித்துக்கொண்டிருந்தார். முள் பார்க்க நண்பர்கள் விளக்கை உயர்த்தியதைச் சொல்லி, அதைக் கண்டாரா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"கண்டேன். ஒசரத்துல ஏறவும் பக்குன்னு இருந்துச்சு. வள்ளத்தைத் திருப்பிட்டேன். பொறவு பாத்தா மஞ்சளா கெடக்கு, கீழயும் எறங்கிட்டு. எவனோ சோறாக்குதான்னு போயிட்டேன்" என்றார். கூடையிலிருந்து நல்ல மீனாக நான்கைப் பொறுக்கி என்னிடம் நீட்டினார். "ஒங்கூட்டாளிகளுக்குக் கொண்டு குடு. பகல் வெளிச்சத்துலயே வச்சுத் திங்கச் சொல்லு."