நூறு என்று வைத்தவள்

ஆலையின் கழிவுத்தொட்டியில் இறங்குகிறவர்கள் அவளை 'கமாண்டு அக்கா' என்றார்கள். மாடி அறையில் உட்கார்ந்து, கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை தட்டி, கீழே அலறும் சங்கை அடக்குகிறவள். அவளை வேலையில் சேர்த்துவிட்ட அண்ணனும் தொட்டியில்தான் இறங்கினான்.

சங்கை ஊதவைப்பது, யார் கண்ணிலும் படாமல் கணினியில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு நிரல்; சர்வீஸ் என்பார்கள். தொட்டி வாயில் நச்சுவாயு அளவு பத்தைத் தாண்டினால் ஊதும். வேறு எல்லை வேண்டுமானால், சர்வீஸ் தொடங்கும்போது படித்துக்கொள்ளும் 'சூழல் மாறி' என்ற அமைப்பில் அந்த எண்ணை வைக்க வேண்டும்.

"பத்துக்கெல்லாம் ஊதுனா எவன்மா வேலை பார்ப்பான்? நூறுன்னு வை," என்றார் மேலாளர். "ஃபைல்ல எழுதிடாத, ஆய்வுக்கு வர்றவன் கண்ணுல படும். கமாண்டா மட்டும் கொடு. கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டா தடயமே இருக்காது."

எழுத்தில் தர அஞ்சும் உத்தரவுக்கு மேலாளர்கள் எப்போதும் ஒரு சம்பளக்காரியின் விரலைத் தேடுவார்கள். அவள் தட்டினாள். சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்யவில்லை. தொடங்கும்போது படித்த எண்ணையே அது அடுத்த ரீஸ்டார்ட் வரை பிடித்துக்கொண்டிருக்கும். திரையில் நூறு, சங்குக்குப் பத்து. மேலாளரை ஏய்த்துவிட்டதாக நினைத்தாள்.

"இன்னும் ஊதுதே?"

"அதுக்குக் காது மந்தம் சார். மெதுவாத்தான் கேட்கும்."

வீட்டில் இதைக் கேட்டு அண்ணன் சிரித்தான். "ஊதட்டும்டி. ஊதுறப்ப மேல ஏறி நிக்கிற அந்தப் பத்து நிமிஷம்தான் எங்களுக்கு மூச்சு."

ஒன்பதாம் நாள் பல்வலிக்கு மருந்து வாங்கிக்கொண்டு தாமதமாக வந்தாள். முந்தைய ஷிப்டுக்காரர் செருப்பை மாட்டியபடியே சொன்னார்: "சர்வீஸ் ஹேங் ஆகி நின்னுபோச்சும்மா. ரீஸ்டார்ட் பண்ணிட்டேன். இப்ப சத்தமே இல்ல."

அவள் பையைக் கீழே வைக்கவில்லை. வாயு அளவு தொண்ணூற்றிரண்டு. தொட்டிக்குள் நான்கு பேர், அண்ணனையும் சேர்த்து. நூறை நீக்கும் வரியைத் தட்டினாள், விரல் பிசகியது, மறுபடி தட்டினாள். ரீஸ்டார்ட். சங்கு அலறியது.

சன்னல் வழியே பார்த்தாள். இரண்டு பேர் ஏணியில் ஏறி வந்தார்கள். மூன்றாமவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்து நாலாமவனை இழுத்துக்கொண்டிருந்தான்.

தொலைபேசி அடித்தது. மேலாளர்.

"யாரு ஊதவிட்டது? திரும்ப நூறு வை."

"வைக்கமாட்டேன் சார். வச்சது நான்னு எழுதிக் கொடுக்கப்போறேன். வைக்கச் சொன்னது நீங்கன்னும்."

தொலைபேசியை வைத்துவிட்டு மறுபடி சன்னலுக்குப் போனாள். கீழே சிமெண்டுத் தரையில் அண்ணனைக் கிடத்தி நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் உதடு நீலமாக இருந்தது. இன்னும் கண் திறக்கவில்லை.