லென் பாஸ்கோ ஒதுக்கி வைத்த துப்பாக்கி

போர் முடிந்த பிறகு எங்கள் சுரங்க ஊரான ப்ரோக்கன் ஹில்லில் ராணுவத் துப்பாக்கிகள் மலிந்து கிடந்தன. ஆனால் ராணுவக் குண்டு போடும் துப்பாக்கியை யாரும் வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் கங்காரு வேட்டைக்காரர்கள் லென் பாஸ்கோவைத் தேடி வந்தார்கள். பழைய குழலைக் குடைந்து, சிறிய துளையுள்ள இன்னொரு குழலை அதற்குள் செருகி, மரை போட்டு இறுக்கித் தருவான். அதற்குப் பிறகு துப்பாக்கி சின்னக் குண்டைத்தான் சுடும்.

பட்டறை அவன் மனைவி டோரீனின் அண்ணன் செசிலுடையது. செசில் முன்னால் நின்று வியாபாரம் பேசுவான். லென் பின்னால் லேத்தில் நிற்பான். வேலை முடிவதற்கு முன்பே குழலில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்துவிடுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம்.

ஒரு கோடையில், டான் கியூபிட் என்ற வேட்டைக்காரனின் துப்பாக்கி சரியாக அமையவில்லை.

"மச்சான், இதைக் குடுத்துடாதே. மரை பிடிக்கல, உள்குழல் ஆடுது. வேற போடணும்" என்றான் லென். டோரீனும் அங்கேதான் இருந்தாள்.

"சரி, நீ போய்ச் சாப்பிடு."

திரும்பி வந்தபோது துப்பாக்கி இல்லை. "டான் அவசரப்பட்டான். சுட்டுப் பாத்துத்தான் எடுத்துட்டுப் போனான்" என்றான் செசில். லென் சைக்கிளில் டானின் வீட்டுக்குப் பறந்தான். வேட்டை லாரி கிளம்பிவிட்டிருந்தது.

அந்த வாரமே குழல் வெடித்து டானின் ஒரு கண் போனது. கோர்ட் விசாரணையில் செசில், "எனக்கு லேத் வேலையே தெரியாதுங்க. எழுத்தைப் பாருங்க, யார் செஞ்சதுன்னு தெரியும்" என்றான். லென் கொடுக்க வேண்டாம் என்று சொன்னானா என்று டோரீனைக் கேட்டார்கள். "எனக்கு ஞாபகம் இல்லைங்க" என்றாள். துப்பாக்கி வேலை செய்ய லென்னுக்கு இருந்த லைசென்ஸ் போயிற்று.

வீட்டில் அவள் சொன்னாளாம்: "கடையை மூடிட்டா எங்க அம்மாவை யாரு பாப்பா? நீ எங்க போனாலும் பொழைச்சுக்குவே."

சுரங்கத்தில் மண் வாரும் வேலைதான் கிடைத்தது. அதே வீட்டில், அதே மேசையில்தான் சாப்பிட்டான்.

நான் மதுக்கடையில் வேலை பார்த்தேன். ஒரு நாள் அங்கே டானைப் பார்த்ததும் லென் அருகே போய் உட்கார்ந்தான். "நான் குடுக்க வேணாம்னுதான் சொன்னேன், டான்."

"தெரியும் லென். கடையில சுட்டுப் பாத்தப்பவே முகத்துல புகை அடிச்சுது. நீ ஒதுக்கி வெச்சதைச் செசிலும் சொன்னான். லாரி போயிடுமேன்னு நான்தான் எடுத்துட்டுப் போனேன்."

"கோர்ட்டுல சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா என் வேட்டை லைசென்சும் போயிருக்கும். மிச்ச கண்ணை வெச்சு நான் என்ன பண்றது?"

லென் பாதி பீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

பல வருஷம் கழித்துச் சுரங்கத் தூசி நுரையீரலை அரித்து அவன் இறந்தான். சவப்பெட்டியை முன்னால் தூக்கியவர்கள் செசிலும் டானும். கல்லறையிலிருந்து திரும்பும்போது டோரீன் எல்லாரையும் தேநீருக்குக் கூப்பிட்டாள். நான் போகவில்லை.