சித்தி கொண்டுவந்த கப்

என் அம்மாவுக்கு நீந்தத் தெரியாது என்று ஒன்பது வயதுவரை நம்பியிருந்தேன். நம்பியதோடு நிற்காமல் அதற்காக வெட்கப்படவும் செய்தேன்.

கோடை விடுமுறை தொடங்கியதும் நாங்கள் பாறசாலையிலிருந்து பஸ் ஏறி, வெள்ளறடையைத் தாண்டி இருக்கும் மாமன் வீட்டுக்குப் போவோம். மாமன் அம்மாவின் அண்ணன். அம்மாவின் தங்கையான சித்தியும் தன் பிள்ளைகளோடு அங்கே வந்துவிடுவாள். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் விளை என்கிற தோட்டம், அது சரிந்து முடிகிற இடத்தில் இரண்டு பக்கமும் படி கட்டிய குளம். மத்தியானச் சோறு செரித்ததும் குடும்பமே அந்தக் குளத்தில்தான் கிடக்கும். அம்மாவைத் தவிர.

அம்மா கடைசிப் படிக்கு முந்திய படியில், கணுக்காலை மட்டும் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இறங்கச் சொன்னால் ஒரு வருடம் தலைவலி என்பாள், மறு வருடம் சளி என்பாள்.

மாமன் மகன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். நான் அத்தான் என்று கூப்பிட வேண்டியவன். அம்மாவுக்குத் தண்ணீர் என்றாலே பயம் என்று அவன் எல்லார் முன்னாலும் கேலி செய்வான்: "இவளுக்க அம்மைக்கு வெள்ளத்தக் கண்டா பேடியாக்கும்."

"எலே, உனக்க அத்தை நீந்துனா மீனு தோத்துப்போவும்," என்று மாமன் அதட்டுவார். ஆனால் நெய்யாற்றில் ஒரு முதலையை வாலைப் பிடித்துத் திருப்பி அனுப்பியதாகவும் சொன்னவர் அவர். எனவே அவர் சாட்சி எனக்கு உதவவில்லை.

அந்த வருடங்களில் அம்மாவுக்கு மாதவிடாய் எப்போது வரும், வந்தால் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாமல் இருந்தது. ஆஸ்பத்திரியில் காட்டி மருந்தும் சாப்பிட்டு வந்தாள். விடுமுறையும் அதுவும் பேசிவைத்ததுபோல் ஒன்றாகவே வந்தன. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், மற்ற அம்மாக்கள் தண்ணீரில் இருந்தார்கள், என் அம்மா படியில் இருந்தாள் என்பதுதான்.

அந்த வருடம் சித்தி வந்ததும் பையைக்கூடத் திறக்காமல் அம்மாவை அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். சித்தி திருவனந்தபுரத்தில் நர்ஸ். சாத்திய கதவு என்றால் அதில் காதை வைக்க வேண்டும் என்பது அந்த வயதில் என் கொள்கை.

"அக்கா, இந்த வருசம் நீ கரையில இருக்கப்பிடாது. நான் கப்பு கொண்டுவந்திருக்கேன்."

"எனக்குப் பேடியா இருக்குட்டி. குளத்துல பிள்ளையளுக்க முன்ன வச்சு எதாவது ஆச்சுன்னா?"

"ஒண்ணும் ஆவாது. நான் இத வச்சோண்டுதான் டியூட்டியில ஓடி நடக்கேன். மொதல்ல வீட்டுல வச்சுப் பழகு. சரியாச்சுன்னா மட்டும் எறங்கு."

சித்தி சொன்னது, மாதவிடாய் நாட்களில் துணிக்கும் நாப்கினுக்கும் பதிலாக உடம்புக்குள் வைத்துக்கொள்ளும் மெத்தென்ற சின்னக் கப். எனக்குத் தெரிந்த கப்போ வேறு. பள்ளி விளையாட்டு விழாவில் மேஜைமேல் பளபளக்குமே, இரண்டு காதுகளோடு, அது. குளம், கப் என்ற இரண்டு சொற்களும் ஒரே மூச்சில் காதில் விழுந்தபின் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஓடிப்போய் அறிவித்துவிட்டேன்: இந்த வருடம் நீச்சல் போட்டி, ஜெயிப்பவர்களுக்கு சித்தி கப் தருகிறாள்.

வீடு மாறிப்போனது. காலையில் எழுப்பினாலும் எழாத பிள்ளைகள் விடிந்ததும் குளத்துக்கு ஓடினார்கள். உடம்பு கனக்கும் என்று அத்தான் மரச்சீனிக் கிழங்கை இரண்டாம் தடவை வாங்குவதை நிறுத்தினான். அதைப் பார்த்த மாமி அவனுக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நான் சொன்னதற்குச் சாட்சியும் கிடைத்தது. சித்தி அடுக்களையில் ஒரு சின்னப் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பை விட்டு நகராமல் காவல் நின்றாள்.

"என்ன சித்தி அதுல?"

"ஒண்ணுமில்ல மக்கா, நீ அங்கோட்டுப் போ."

கப்பைக் கழுவிப் பளபளப்பாக்குகிறாள் என்று புரிந்துகொண்டேன். பாத்திரம் ரொம்பச் சின்னது என்பது மட்டும் உறுத்தியது. அத்தானிடம் ரகசியமாகச் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, "சின்னதுன்னா அது வெள்ளிக் கப்பாயிருக்கும்," என்றான்.

அதைவிட விசித்திரம் குளியலறையில் நடந்தது. அம்மா உள்ளே தாழ் போட்டிருந்தாள். சித்தி வெளியே நின்று கதவோடு பேசிக்கொண்டிருந்தாள். "ஒடம்பத் தளத்து. மூச்ச இழுத்து மெதுவா விடு. அவசரப்படாத." உள்ளேயிருந்து அம்மாவின் முனகல், பிறகு சிரிப்பு, அப்புறம் இரண்டு பேருமாகச் சிரிப்பு. சித்தி என் அம்மாவுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள் என்று எனக்கு விளங்கியது. ஒரு வாளித் தண்ணீரில் அது எப்படி முடியும் என்று கொஞ்சம் இடித்ததுதான். ஆனால் சித்தி நர்ஸ், அவளுக்குத் தெரியாத வழியா?

போட்டி நாளில் மாமன் ஒரு விசிலோடு அக்கரைப் படியில் நின்றார். போட்டி என்று பிள்ளைகள் சொன்னார்கள், நடத்தினார். என்ன ஏது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. விசில் அடித்ததும் எல்லாரும் குதித்தார்கள். நான் குதித்த வேகத்தில் தண்ணீரைக் குடித்துவிட்டு, இருமிக்கொண்டு படிக்கே திரும்பிவிட்டேன்.

அப்போதுதான் அம்மா பழைய சுடிதாரோடு விளை வழியாக இறங்கி வந்தாள். பின்னால் சித்தி. அம்மா வழக்கமான படியில் உட்காரவில்லை. அடுத்த படியில் கால் வைத்தாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று சித்தியைத் திரும்பிப் பார்த்தாள்.

"போக்கா," என்றாள் சித்தி. "நான் நிக்கேன்லா?"

அம்மா முன்னால் சாய்ந்தாள். அதற்குப்பின் நான் பார்த்தது என் அம்மாவையா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. தண்ணீர் தெறிக்கவில்லை. கை எடுத்துப் போட்ட சத்தமில்லை. குளத்தின் நடுவில் பிள்ளைகளைத் தாண்டினாள், கடைசியில் அத்தானையும் தாண்டி அக்கரைக் கல்லைத் தொட்டாள்.

"பாத்தியாலே? நான் சொன்னேன்லா!" என்று மாமன் மகனைப் பார்த்துக் கத்தினார். அந்த நிமிடத்தில் முதலைக் கதையும் உண்மையாகிவிட்டது.

நான் சும்மா இருப்பேனா? படியில் குதித்துக்கொண்டு, குளம் முழுக்கக் கேட்க, "சித்தி, கப்பு எங்கம்மைக்காக்கும்! கப்ப எங்கம்மைக்குக் குடுங்க!" என்று கூவினேன்.

சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மாமி படியில் உட்கார்ந்தே விட்டாள். அக்கரையில் அம்மா சிரிப்பை மறைக்கத் தண்ணீருக்குள் முங்கினாள். மேலே வந்தபோதும் சிரித்துக்கொண்டிருந்ததால் மறுபடி முங்கினாள்.

"அது உங்கம்மைக்குக் குடுத்தாச்சு மக்கா," என்றாள் சித்தி ஒருவழியாக.

"எங்க? காட்டச் சொல்லுங்க," என்றான் தோற்றுப்போன அத்தான்.

மாமி அழுகிற மாதிரிச் சிரித்தாள். பெரியவர்களில் மாமன் மட்டும் என்னைப்போலவே ஒன்றும் புரியாமல் நின்றார். "என்ன கப்பு? என்னட்ட ஒருத்தரும் சொல்லேல்லியே," என்று எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பதில் வராததால், மறுநாள் வெள்ளறடைக்குப் போய் நிஜமாகவே ஒரு கப் வாங்கிவந்து தன் தங்கையின் கையில் கொடுத்தார். அவருக்கு இன்றுவரை யாரும் விளக்கியதாகத் தெரியவில்லை.

போட்டி நடந்த அன்று சாயங்காலம் மற்றவர்கள் கரையேறிப் போனபின்னும் அம்மா ஏறவில்லை. குளத்தின் நடுவில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். காது தண்ணீருக்குள், கண் மூடியிருந்தது. ரப்பர் மரங்களின் நிழல் குளத்தை ஏறக்குறைய மூடிவிட்டது. மேலே வீட்டில் மீன்குழம்பு கொதிக்கும் வாசனை வந்தது.

"அம்மா, வா! பசிக்கி!"

"இன்னா வாறேன் மக்கா. நீ போ."

வரவில்லை. இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டேன். கோபம்கூட வந்தது. போட்டி முடிந்துவிட்டது, ஜெயித்தும் ஆயிற்று. அதற்குப் பிறகும் ஒருவர் எதற்காகத் தண்ணீரிலேயே கிடக்க வேண்டும் என்று, நினைத்தபோதெல்லாம் அந்தக் குளத்தில் குதித்துப் பழகியிருந்த எனக்கு விளங்கவில்லை.